மூடுவதற்கு முன் கேளுங்கள்

போன இதழில், நானும் என் அண்ணனும் கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக வாங்கிக் கட்டி முடித்த இரண்டு இருக்கை விமானத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எட்டு வருடம், 2,140 மணி நேரம் ஆன வேலை அது. இப்போது அந்த விமானம் பறக்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நேராகத் தெரிந்த விஷயங்களைக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

அக்கா, நான் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கிட் என்றால் பெட்டியில் என்னதான் வரும்? உலோக வேலை தெரியாத ஆள் இதைச் செய்ய முடியுமா?

முடியும், தம்பி. ஆரம்பித்தபோது எனக்கு உலோக வேலை எதுவும் தெரியாது. அண்ணன் லேத்தில் வேலை பார்த்தவர். அவருக்கும் மெல்லிய தகட்டு வேலை புதுசுதான்.

பெட்டியைத் திறந்தால் விமானம் மாதிரி எதுவும் தெரியாது. பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அலுமினியத் தகடுகள் இருக்கும். இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் வளைத்து வைத்த விலாக்கள், அதன் சுமையைத் தாங்கும் நீளமான ஸ்பார்கள், சின்னச் சின்னப் பைகளில் தகடுகளைச் சேர்த்து அடிக்கும் ரிவெட் ஆணிகளும் போல்ட்டும், அப்புறம் ஒரு கட்டு வரைபடம். நாங்கள் முதல் மூன்று நாளும் பாக எண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிக்கொண்டே இருந்தோம். அந்த வேலையை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். ஒரு பாகம் குறைகிறது என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

பெரும்பாலான நிறுவனங்கள் வால் பகுதியைத் தனியாக முதலில் விற்கின்றன. அது நல்ல ஏற்பாடு. இறக்கையில் வரப்போகிற எல்லா வேலையும் வாலில் சின்ன அளவில் வந்துவிடும். உங்களுக்கு இது பிடிக்கிறதா, கை பழகுகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். இப்போதைய கிட்டுகளில் துளைகளைக் கணினி இயந்திரமே போட்டுக் கொடுத்துவிடுகிறது. துளைக்குத் துளை பொருந்தினால் பாகம் தானாகவே நேராக நிற்கும். முன்பு போலப் பெரிய மரச்சட்டம் அடித்து அதில் அளந்து அளந்து பொருத்த வேண்டியதில்லை.

வேலை எப்படிப் போகும் என்றால், சேர்ப்பதைவிடப் பிரிப்பதுதான் அதிகம். முதலில் தகடுகளை க்ளீக்கோ போட்டுச் சேர்ப்போம். க்ளீக்கோ என்பது துளைக்குள் நுழைந்து இரண்டு தகட்டையும் கவ்விப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் ஊசி. 3/32 அங்குலத்துக்கு வெள்ளி நிறம், 1/8 அங்குலத்துக்குச் செம்பு நிறம். சேர்த்த நிலையிலேயே துளைகளைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவோம். அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து ஒவ்வொரு துளையின் இரு பக்கமும் பிசிறு எடுக்க வேண்டும். தகட்டின் ஓரங்களையும் கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தலை தகட்டோடு சமமாக உட்காரும் ரிவெட் என்றால் துளையைச் சுற்றிக் குழி அழுத்த வேண்டும். அதன் பிறகு ப்ரைமர் பூசி, திரும்பச் சேர்த்து, அப்போதுதான் ரிவெட் அடிப்போம்.

பிசிறு எடுப்பது சலிப்பான வேலை என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் எடுக்கிறோம் என்று தெரிந்தால் சலிப்பு வராது. தகடு அதிர்ந்துகொண்டே இருக்கும்போது விரிசல் கிளம்புவது இப்படிப்பட்ட சின்னக் கீறலிலிருந்துதான். இதே காரணத்துக்காக அலுமினியத்தில் ஊசியால் கோடு கிழிக்கக் கூடாது. பென்சிலாலும் எழுதக் கூடாது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட் அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் அரிப்பை உண்டாக்கும். மார்க்கர் பேனா மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் விமானம் கட்டுவது நேற்று வந்த பழக்கமும் இல்லை. பிரேசிலைச் சேர்ந்த ஆரம்பகால விமானி சாண்டோஸ் டூமோன் தன் டெமாய்செல் விமானத்தின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று வெளியே விட்டார். 1910-லேயே அது பத்திரிகையில் அச்சாகிவிட்டது. இன்றைக்கு கிட் விற்கும் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசையில் மட்டும் 11,000-க்கும் அதிகமான விமானங்களைச் சொந்தக்காரர்களே கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அவர்களில் ரொம்பப் பேர் உங்களையும் என்னையும் போல ஒன்றும் தெரியாமல் ஆரம்பித்தவர்கள்தான்.

உலோகமா, மரமா, ஃபைபர் கிளாஸா? நான் தச்சு வேலை செய்பவன்.

உங்கள் கைக்கு எது பழக்கமோ அதுதான். மரத்தின் ஓட்டம் பார்த்து எடுக்கத் தெரிந்தவருக்கு மரவிமானம் இயல்பாக வரும். ஆனால் பசை வேலையில் வெப்பம், ஈரப்பதம், கலவை அளவு மூன்றையும் விடாமல் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே கலவையில் ஒரு மாதிரித் துண்டை ஒட்டி வையுங்கள். காய்ந்ததும் அதை உடைத்துப் பாருங்கள். மரம் கிழிந்தால் சரி. பசைக் கோட்டில் பிரிந்தால் அன்றைக்கு ஒட்டிய எல்லாமே சந்தேகம்தான்.

ஃபைபர் கிளாஸில் 1975-ல் விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் வேரிஈஸி விமானத்தை வைத்து ஒரு வழி காட்டினார். நுரைக்கட்டையைச் சூடான கம்பியால் அறுத்து, அதன் மேல் கண்ணாடி இழைத் துணியும் எப்பாக்சியும் போடும் முறை அது. அச்சு தேவையில்லை. அழகான வடிவம் வரும். தேய்ப்பு வேலைதான் முடியவே முடியாது. எனக்கு உலோகம் பிடித்ததற்கு ஒரே காரணம், அதில் தவறு செய்தால் கண்ணுக்குத் தெரியும், பிரித்துத் திரும்பச் செய்யலாம்.

வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டரை மூடும்போது உள் பக்கம் ஒரு ரிவெட் சாய்ந்துவிட்டது. தகடு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. நண்பர்கள் 'விட்டுவிடு' என்கிறார்கள். விடலாமா?

முதலில் அதை அளந்து பாருங்கள். சாய்ந்திருக்கிறது என்று கண்ணால் சொல்வது போதாது. அடித்த பிறகு உள்ளே உருவாகும் தலையின் அகலம் ரிவெட் கம்பியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருக்க வேண்டும். இதற்கென்றே துளை போட்ட சின்ன அளவுத் தகடு கிடைக்கும். உயரம் அதிகமாக இருந்தால் இன்னும் இரண்டு அடி அடித்தால் சரியாகிவிடும். அளவுக்குள் இருந்து லேசாகச் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் விடுவதே நல்லது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதிதாகக் கட்டுபவர்கள் கெடுப்பது ரிவெட்டை அடிக்கும்போது இல்லை, எடுக்கும்போது. எலிவேட்டர் தகடு 0.016 அங்குலம்தான், அரை மில்லிமீட்டர்கூட வராது. ட்ரில் சற்றே விலகினால் துளை முட்டை வடிவமாகிவிடும். ஒரு சுமாரான ரிவெட் இருந்த இடத்தில் ஒரு கெட்ட துளை வந்து உட்காரும்.

எடுத்தே தீர வேண்டும் என்றால் பொறுமையாக எடுங்கள். விமானத் தகடுகளில் வழக்கமாக அடிக்கும் ஏடி வகை ரிவெட்டின் தலை நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும். அதில் ட்ரில் முனையை வைத்து, முதலில் கையால் சுற்றித் தொடக்கம் கொடுங்கள். தலையின் ஆழம் வரைக்கும் மட்டும் துளையிட்டு, குத்தூசியை விட்டு நெம்பினால் தலை கழன்று வரும். பின்பக்கம் கட்டை கொடுத்துக் கம்பியைத் தட்டி வெளியே எடுங்கள். முழு ஆழமும் துளையிட வேண்டாம்.

உடைந்த தலை, தகட்டோடு உட்காராமல் இடைவெளி தெரியும் ரிவெட், பக்கவாட்டில் மடங்கிப் படுத்துவிட்டது, இவற்றை விடக் கூடாது. எது எந்த வகை என்று உங்களால் தீர்மானிக்க முடியவில்லை என்றால் வேறு ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், மூடுவதற்கு முன். 1953-ல் அமெரிக்காவில் பால் போபெரெஸ்னி ஆரம்பித்த, விமானம் கட்டுபவர்களின் இஏஏ சங்கத்தில், அனுபவமுள்ளவர்கள் காசு வாங்காமல் வந்து வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. எங்கே இருந்தாலும் இதற்கு முன் ஒரு விமானம் கட்டியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துவிடுங்கள். எங்கள் விமானத்தைப் பார்க்க வந்த பெரியவர் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒன்றுமே பேசவில்லை. கடைசியில் மூன்று இடத்தைக் காட்டினார். அதில் இரண்டு நான் பார்க்கவே இல்லாதவை.

'யாருக்கும் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியுமே. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வலது இறக்கையின் அடித்தகட்டை ரிவெட் அடித்து மூடி நான்கு நாள் ஆகியிருந்தது. ராத்திரி படுத்திருக்கும்போது இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் எய்லரானின் பிராக்கெட் ஸ்பாரோடு சேரும் இடத்தில் இருக்கும் ஒரு போல்ட் நினைவுக்கு வந்தது. அதை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினேனா? 3/16 அங்குல போல்ட், 20 முதல் 25 அங்குல-பவுண்டு. மற்ற மூன்றையும் முடுக்கியது நினைவிருக்கிறது, நான்காவது இல்லை. குறிப்பேட்டில் 'பிராக்கெட் முடிந்தது' என்று ஒரே வரி. அண்ணனிடம் சொன்னேன். அவர், "நீ தூங்க மாட்டாய், திற" என்றார். 38 ரிவெட்டை எடுத்தோம், இரண்டு மாலை ஆனது. தகட்டைத் தூக்கிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தால், நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே நான் போட்ட மஞ்சள் கோடு இருந்தது. முடுக்கிய பிறகுதான் அந்த வண்ணப் பசையை இழுப்போம். போல்ட் சரியாகவே இருந்திருக்கிறது. அந்த இரண்டு மாலைக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் குறிப்பேட்டில் தனி வரி வைத்தோம். தேதி, அளவு, முடுக்கியவர் யார், பார்த்தவர் யார். முடுக்கியவரும் பார்த்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்றும் வைத்துக்கொண்டோம்.

எரிபொருள் தொட்டி வேலையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. கசியாமல் கட்டுவது எப்படி?

பயம் வேண்டாம், ஆனால் அவசரமும் வேண்டாம். எங்களுடையது போன்ற பல உலோக விமானங்களில் இறக்கையின் முன்பகுதியே தொட்டி. தனியாக உள்ளே ஒரு டப்பா கிடையாது. தகடு தகடோடு சேரும் ஒவ்வொரு கோட்டிலும், ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் பாலிசல்ஃபைட் பசை பூச வேண்டும். கட்டுபவர்கள் அதை ப்ரோசீல் என்பார்கள். இரண்டு பாகமாக வரும், எடையில் பத்துக்கு ஒன்று கலக்க வேண்டும். கண் அளவு வேண்டாம், தராசு வைத்துக்கொள்ளுங்கள். தார் மாதிரி ஒட்டும், நாற்றமும் உண்டு. கை, சட்டை, கதவுப் பிடி எல்லா இடத்துக்கும் போய்விடும். ஒருமுறைக்கு ஒரு மணி நேரத்தில் தீர்கிற அளவு மட்டும் கலக்குங்கள். நிறையக் கலந்துவிட்டு, இறுகுகிறதே என்று வேகமாகப் பூசுகிற இடத்தில்தான் ஓட்டை விழும்.

பூசுவதைவிடச் சுத்தம் செய்வதுதான் முக்கியம். பசை படப்போகும் இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, கரைப்பான் தொட்டுத் துடைத்து, துணியில் அழுக்கு வராத வரை திரும்பத் திரும்பத் துடையுங்கள். அதற்கப்புறம் வெறும் விரல் படக் கூடாது.

சோதனை எளிது. காற்றுப் போக்கியின் வாயில் ஒரு பலூனைக் கட்டுங்கள். அடியில் உள்ள வடிகால் வழியாகச் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து, பலூன் நிமிர்ந்ததும் நிறுத்துங்கள். கம்ப்ரெசரைக் கிட்டேயே கொண்டுவர வேண்டாம். ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் தாண்டினாலே தொட்டி உப்பிக் கெட்டுவிடலாம். பலூன் காலையில் சுருங்கி மதியம் பெருத்தால் அது வெயிலின் வேலை, கசிவு என்று பதற வேண்டாம். சோப்பு நீரைப் பிரஷ்ஷால் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். எரிபொருள் ஊற்றும் மூடியின் ஓரத்தை முதலிலேயே டேப் சுற்றி அடைத்துவிடுங்கள். நிறையப் பேர் அங்கே கசிவதைத் தொட்டியின் கசிவு என்று நினைத்துவிடுகிறார்கள்.

எங்கள் இடது தொட்டி முதல் சோதனையில் தோற்றது. பின்சுவரும் உள் விலாவும் சேரும் மூலையில் கடுகளவு குமிழி, நிமிடத்துக்கு ஒன்றுதான். வெளியிலிருந்து பசையைத் தடவி அடைக்க நான் ஆசைப்பட்டேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே ஒட்டுவது உள்ளிருந்து தள்ளும் எரிபொருளை ரொம்ப நாள் தாங்காது என்றார். பின்சுவரில் கை நுழைகிற அளவுக்கு வட்டமாக வெட்டி, உள்ளே பூசி, மேலே ஒரு தகடு வைத்துப் பசை போட்டு ரிவெட் அடித்தோம். இன்றுவரை கசியவில்லை.

எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று மாற்றும் வால்வை என் வசதிக்கு வேறு இடத்தில் வைக்க நினைக்கிறேன். என் விமானம்தானே?

உங்கள் விமானம்தான். அதனால்தான் சொல்கிறேன், வைக்காதீர்கள். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது ரூட்டன் வடிவமைத்த லாங்ஈஸி. அவர் கட்டியதில்லை, வாங்கி அதிக நாளும் ஆகவில்லை. அந்த வடிவமைப்பில் எரிபொருள் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். அந்த விமானத்தில் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அதைத் திருப்ப வேண்டுமானால் விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு உடம்பைத் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வாலில் உள்ள ரடரைத் திருப்பும் வலது பெடல் தன்னை அறியாமல் அழுத்தப்படும் என்று விசாரணையில் தெரிந்தது. கட்டியவர் கெட்ட எண்ணத்தில் அப்படி வைக்கவில்லை. எரிபொருள் குழாய் விமானி உட்காரும் இடத்துக்குள் வர வேண்டாம் என்று யோசித்தே வைத்திருக்கிறார். ஒரு ஆபத்தைத் தவிர்க்கப் போய் இன்னொன்று உள்ளே வந்துவிட்டது.

இருக்கை மெத்தை, விளக்கு, பையை வைக்கும் இடம், இதையெல்லாம் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள். எரிபொருள், கட்டுப்பாட்டுக் கம்பிகள், ஸ்பார், இந்த மூன்றிலும் வரைபடத்தில் உள்ளதை அப்படியே செய்யுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்று தோன்றினால் வடிவமைத்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். நாங்கள் ஆறு முறை எழுதினோம். நான்கு முறை 'வேண்டாம்' என்று பதில் வந்தது. நான்குக்கும் காரணம் சொல்லியிருந்தார்கள்.

அரசாங்கம் பறக்க விடுமா?

கிட் வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டு விமானத் துறையிடம் கேட்டுவிடுங்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் வேலையின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ நீங்களே செய்திருக்க வேண்டும். அதைக் காட்ட குறிப்பேடும் புகைப்படமும் வேண்டும். கனடாவில் தகடு மூடுவதற்கு முன்பே ஒரு ஆய்வு உண்டு. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும்.

என் கணவர் ஆறு வருடமாக ஷெட்டிலேயே இருக்கிறார். கேட்டால் 'தொண்ணூறு சதவீதம் முடிந்தது' என்கிறார். போன வருடமும் இதையேதான் சொன்னார். எப்போதுதான் முடியும்?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. இறக்கையும் உடலும் சேர்ந்து சக்கரத்தில் நின்றுவிட்டால் விமானம் முடிந்துவிட்ட மாதிரியே தெரியும். எங்களுக்கு அந்த நாளிலிருந்து பறப்பதற்கு இரண்டு வருடம் நான்கு மாதம் ஆனது.

அந்தக் காலத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். ஒரு ஸ்பாரை முடித்தால் கண்ணெதிரே ஒரு ஸ்பார் இருக்கும். வயர் இழுத்தால் நாள் முழுக்க வேலை செய்தும் வெளியே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வயருக்கும் அளவு பார்த்து, முனை நசுக்கி, இழுத்துப் பார்த்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, உரசாமல் கட்ட வேண்டும். எஞ்சின் மூடியில் ஃபைபர் கிளாஸ் வேலை என்றால் ஊசித் துளைகளை நிரப்பித் தேய்த்து, ப்ரைமர் அடித்து, புதிதாகத் தெரியும் துளைகளைத் திரும்ப நிரப்ப வேண்டும். விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி போன்ற மூடியான கனோப்பி வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு நிற்கும். அக்ரிலிக் குளிரில் கண்ணாடியாக வெடிக்கும். அறையைச் சூடாக்கி, சுழன்று அறுக்கும் வட்டத் தகடு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து வெட்ட வேண்டும். ரம்பம் ஆகாது. சாதாரண ட்ரில் முனை கவ்விக்கொண்டு இழுத்து விரிசல் விடும், அதற்கென்று கூராக்கிய முனை வேண்டும். வெப்பத்தில் விரிந்து சுருங்க இடம் இருக்கும்படி துளையும் திருகைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். முதல் வெட்டு வெட்டும் நாளை நாங்கள் மூன்று வாரம் தள்ளிப் போட்டுக்கொண்டே போனோம். உங்கள் கணவரும் இப்படி ஏதோ ஒன்றின் முன் நின்றுகொண்டிருக்கலாம்.

'எப்போது முடியும்' என்று கேட்காமல், 'இப்போது எந்த வேலை உங்களைத் தடுக்கிறது' என்று கேட்டுப் பாருங்கள். மீதி வேலையை அரை நாளில் முடியும் துண்டுகளாக எழுதச் சொல்லுங்கள். எங்கள் பட்டியலில் 312 வரி வந்தது. வாரத்துக்கு நான்கைந்து வரி அடித்தோம். அது குறைவதைப் பார்க்கும்போது ஷெட்டுக்குப் போக மனசு வந்தது. அப்புறம், உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் ஒரு நாள் உள்ளே போய் பக்கிங் பாரைப் பிடியுங்கள். வெளியே ஒருவர் ரிவெட் கன் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை ரிவெட் முனையில் அழுத்திப் பிடிக்கும் வேலை அது. இரண்டு பேரும் காது அடைப்பான் போட்டிருப்பதால் பேச முடியாது. தட்டினால் 'சரி', இரண்டு தட்டினால் 'இன்னும் கொஞ்சம்' என்று ஒரு மொழி வந்துவிடும். நானும் அண்ணனும் சின்ன வயதில் அவ்வளவாகப் பேசிக்கொண்டதில்லை. இந்தத் தட்டலில்தான் நெருங்கினோம்.

ஆனால் ஆறு வருடம் நீங்கள் தனியாக இருந்ததும் நிஜம். வாரத்தில் ஒரு நாள் ஷெட் பூட்டியே இருக்கட்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. களைத்த கையால் ரிவெட் அடிப்பதைவிட அது விமானத்துக்கும் நல்லது.

முதல் பயணத்தைக் கட்டியவரே ஓட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. நான் ஓட்டவில்லை. கடைசி ஒன்றரை வருடம் பெரும்பாலும் ஷெட்டில் இருந்ததால் நான் பறந்து 14 மாதம் ஆகியிருந்தது. எஞ்சின் நின்றால் உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டிய கை அது. எட்டு வருட ஆசை அந்தக் கையை வேகமாக்காது. எங்களுடையதைப் போன்ற விமானத்தில் பல நூறு மணி நேரம் பறந்த ஒருவரைக் கேட்டுக்கொண்டோம். அவர் தனியாகப் போனார். சோதனைக் காலத்தில் வேடிக்கை பார்க்க யாரும் உடன் ஏறக் கூடாது.

அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு வைத்து, விமானத்தை மட்டமாக நிறுத்தி எடை பாருங்கள். எங்களுடையது காலி எடை 493 கிலோ. புவிஈர்ப்பு மையம் வரம்புக்குள் இருக்கிறதா என்று முழு எரிபொருளோடும் கடைசித் துளி எரிபொருளோடும் கணக்குப் போடுங்கள். அடுத்து எரிபொருள் ஓட்டச் சோதனை. மூக்கை மேலே ஏறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி அளவுப் பாத்திரத்தில் விட வேண்டும். பம்ப் உள்ள அமைப்பில், விமானம் மேலே கிளம்பும்போது எஞ்சின் குடிப்பதைப் போல 125 சதவீதமும், தானாக இறங்கும் அமைப்பில் 150 சதவீதமும் வர வேண்டும். மணிக்கு 50 லிட்டர் குடிக்கும் எஞ்சின் என்றால் பம்போடு 62.5 லிட்டர், பம்ப் இல்லாமல் 75. இதைக் கணக்காகச் செய்தால் போதாது, பாத்திரத்தில் பாருங்கள்.

புது எஞ்சினைத் தரையில் நெடுநேரம் ஓட்டிப் பழக்காதீர்கள். சிலிண்டர் சுவரில் உள்ள நுண்ணிய கோடுகளில் பிஸ்டன் ரிங் உட்கார வேண்டுமானால் நல்ல அழுத்தம் வேண்டும். குறைந்த வேகத்தில் ஓட்டினால் சுவர் மெருகேறி வழுவழுப்பாகிவிடும். அப்புறம் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும்.

முதல் பயணத்தன்று அந்த விமானி ஓடுபாதைக்கு மேலேயே 35 நிமிடம் வட்டம் போட்டார். இறங்கி வந்து மூன்று விஷயம் சொன்னார். விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்கவில்லை, நான்காவது சிலிண்டர் மற்றதைவிடச் சூடு, கனோப்பி பின் ஓரத்தில் காற்று சத்தம். பந்துக்கு ரடரில் ஒரு சின்ன ஆப்பு ஒட்டினோம். சூட்டுக்குக் காரணம் எஞ்சினைச் சுற்றியுள்ள தடுப்புத் தகட்டில் விரல் நுழையும் இடைவெளி. மூன்று வாரம் கழித்து, பயிற்சியாளரோடு அதே வகை விமானத்தில் ஐந்து மணி நேரம் பறந்த பிறகு, நான் ஏறினேன்.

பெயின்ட் முதலிலா, பறந்த பிறகா?

பறந்த பிறகு. ஆரம்ப மாதங்களில் எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பீர்கள். பெயின்ட் அடித்ததும் எய்லரான், எலிவேட்டர், ரடர் மூன்றையும் கழற்றி வரைபடம் சொல்கிறபடி சமநிலை பாருங்கள். கீலுக்குப் பின்னால் சேரும் சில கிராம் பெயின்டும் பட்டியும்கூட வேகத்தில் படபடப்பை உண்டாக்கி வாலையே பிய்த்துவிடக்கூடும். எங்களுடையது 60 மணி நேரம் வெறும் உலோகமாகவே பறந்தது. பெயின்ட் அடிப்பவர் வாலின் ஆய்வுத் தகட்டைக் கழற்றியபோது என்னைக் கூப்பிட்டு, உள்ளே ஏதோ எழுதியிருக்கிறதே, அழிக்கவா என்று கேட்டார். விலாவில் மார்க்கரால் அண்ணன் கையெழுத்து. ஒரு தேதி, '25 அங்குல-பவுண்டு', பக்கத்தில் 'பார்த்தது' என்று போட்டு என் பெயர். அப்படியே இருக்கட்டும் என்றேன்.